சுவரில் விழுந்த சின்ன ர

கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தேன். விடிந்தும் விடியாத நேரம். மலையின் தோளில் ஒரு துண்டு மேகம், பிழிந்து போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. கேட்டைத் திறந்து காலை வைத்ததும் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தால் பானை ஓடு.

கிரிவலம் போகிறவர்கள் குடிக்கட்டும் என்று கேட்டுக்கு வெளியே மண் பானையில் தண்ணீர் வைத்திருப்பேன். அது நாலு ஓடாகக் கிடந்தது. தண்ணீர் தெருவில் வழிந்து, எதிர் வீட்டு வாசல்வரை போய் நின்றிருந்தது.

நிமிர்ந்தேன். என் சுவரில் சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு வார்த்தை. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம்.

எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். சுவர் எங்கே போகப் போகிறது? நிதானமாகப் படித்தேன். 'ப' என்றேன். 'ரை' என்றேன். அப்புறம் 'ச்', 'சி'. எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன்.

பரைச்சி.

என்னைத்தான் திட்டியிருக்கிறார்கள் என்று உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏனென்றால் முதலில் கண்ணை உறுத்தியது பிழை. பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர போட்டிருந்தார்கள்.

(பத்திரிகை ஆபீசில் என் எழுத்தைப் பிழை திருத்தும் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இந்த வாரம் அந்த ஒரு வார்த்தையில் மட்டும் கை வைக்காதே. அது என் பிழை இல்லை.)

பேர் தெரியாத வீடு

போன வாரம் வீடு கட்டிய கதையைப் பாதியில் விட்டிருந்தேன். மீதி இங்கேதான் வருகிறது.

எதிர் வீடு கோதண்டத்துடையது. அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருபது வருஷம் சாணி அள்ளியிருக்கிறேன். பின்பக்கத்துப் படல் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். கோதண்டத்தின் அம்மா மாட்டுக்கு வைத்திருந்த பேர் லட்சுமி. எனக்கு வைத்திருந்த பேர் சாதிப் பேர். "ஏய் பறைச்சி, லட்சுமிக்குத் தண்ணி காட்டினியா?" என்பார்கள். மாட்டுக்குப் பேர், எனக்குச் சாதி. லட்சுமி கறவை நின்றபோதும் அதே பேரோடுதான் இருந்தது.

பிற்பாடு ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வீடுகளில் சமைத்தேன், துணி துவைத்தேன். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் ஒரு மனை பார்த்தேன். புரோக்கர் காட்டியது கோதண்டத்தின் தம்பி, புரோக்கருக்கே பவர் எழுதிக் கொடுத்து விற்க வைத்திருந்த இடம். கோதண்டம் வீட்டுக்கு நேர் எதிர்.

"வாங்கறது யாருப்பா?" என்று தம்பி கேட்டிருக்கிறார். "பச்சையம்மாள்னு ஒரு அம்மா" என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். பதிவு முடிந்து நான் செங்கல் இறக்குகிறவரை அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அது நான்தான் என்று தெரியாது. இருபது வருஷம் வேலை செய்த வீட்டில் என் பேர் தெரியாமல் போனது எனக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டுக்கு என் பேரையே வைத்தேன். பச்சையம்மாள் இல்லம். மேலே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டேன். தெருப்பக்கச் சுவரில் 'வாடகைக்கு அறை உண்டு' என்று நானே நீலப் பெயிண்ட்டில் எழுதினேன்.

வந்து தங்குகிறவர்களால் என் வீடு ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு இல்லம் என்றால் போதும். பார்சல் கொண்டு வருகிற பையன்கள் கோதண்டத்துக்கு வழி தெரியாமல் போன் செய்வார்கள். அவர் மாடியில் நின்று கத்துவார். "கோதண்டம் வீடுய்யா! பரம்பரை வீடு!" அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்கும். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பிறகு குரலை இறக்கி, "பச்சையம்மாள் இல்லத்துக்கு எதிர்ல" என்பார்.

நாளாக நாளாக அவருக்கு வரும் கடிதங்களிலேயே அப்படி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நானா எழுதச் சொன்னேன்?

காதுக்கு இரண்டும் ஒன்று

எனக்கு எழுத்து வந்தது நாற்பது வயதுக்கு மேல். எங்கள் தெருவில் சாயங்காலம் பெண்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். சரோஜா டீச்சர் வருவார். என் வயசில் பாதி. சிலேட்டில் ர-வையும் ற-வையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "பச்சையம்மாக்கா, ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்க" என்பார்.

"ரெண்டும் ஒரே சத்தம்தானே டீச்சர்?" என்றேன்.

"வேகமாப் பேசும்போது காதுக்கு ஒன்னுதான். எழுதும்போதுதான் வேற."

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஒரே சத்தத்துக்கு எதற்கு இரண்டு எழுத்து? ஒரு மாதம் சண்டை போட்டேன். அந்தச் சண்டையிலேயே அது மனசில் பதிந்துபோயிற்று. இன்றைக்கும் என் கணக்கில், ர ஒரு ஆள் தனியாக நிற்பது. ற இரண்டு ஆள் தோளோடு தோள் நின்று காலை நீட்டியிருப்பது. என் ற-வைப் பார்த்து டீச்சர், "அக்கா, உங்க ற மாதிரி என்னாலகூட எழுத முடியாது" என்றார். ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை அன்றோடு தள்ளிவிட்டேன்.

அன்றைக்குச் சுவரைப் பார்த்தபோது இதெல்லாம்தான் ஓடியது. அந்த வார்த்தையை நான் அந்த வீட்டில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! சொன்னபோது ஒரு தடவையும் பிழையில்லை. தலைமுறை தலைமுறையாக வாயாலேயே சொல்லிப் பழகியவர்கள், எழுத வேண்டிய அவசியமே வந்ததில்லை. எழுத வந்த முதல் நாளே கோட்டை விட்டுவிட்டார்கள்.

அதிலும் நாலு அடி தள்ளி நான் எழுதிய 'அறை' இருக்கிறது. பெரிய ற, பளிச்சென்று. அதைப் பார்த்தாவது எழுதியிருக்கலாம்.

திருத்தினேன்

உள்ளே போய் நீலப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று மகள் கேட்டாள், வக்கீல் கேட்டார், எல்லோரும் கேட்டார்கள். என் சுவர். அதில் இருப்பதை நான் எழுதியதாகத்தானே நாலு பேர் நினைப்பார்கள்? பச்சையம்மாளுக்கு ற வராது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த நேரத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. ர-வுக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவைச் சேர்த்து, காலைக் கீழே இழுத்து விட்டேன்.

தள்ளி நின்று பார்த்தேன். சரியாக எழுதிய பிறகுதான் வலித்தது. பானை ஓடுகளைக் கையில் அள்ளிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கோலம் போடவில்லை.

எட்டு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தேன். புகார் எழுதிக்கொள்ளும் ஏட்டையாவை ரைட்டர் என்பார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆயா, காலங்காத்தால?"

"என் செவுத்துல சாதிப் பேர எழுதிட்டுப் போயிருக்காங்க. தண்ணிப் பானையையும் ஒடச்சிட்டாங்க. எழுதிக்குங்க."

"பானைய கொரங்கு ஒடச்சிருக்கும். ஆசிரமத்துப் பக்கம் கொரங்கு ஜாஸ்தி."

"ஒடைக்கும்ங்க. எழுதுமா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். எஸ்.ஐ.யும் அவரும் ஜீப்பில் வந்து சுவரைப் பார்த்தார்கள். எஸ்.ஐ. சின்ன வயசு, சுத்தமான உடுப்பு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு கலர் இருக்குதே ஆயா?"

"செவப்பு அவங்க எழுதுனது. நீலம் நான் திருத்துனது."

"திருத்துனியா?"

"தப்பா எழுதியிருந்தாங்க. அதான்."

எஸ்.ஐ. ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் யோசித்து யோசித்துப் பேசினார். "சார், செவப்ப மட்டும் படிச்சா அது சாதிப் பேரு இல்ல. அப்படி ஒரு வார்த்தையே கெடையாது. நீலத்தையும் சேத்தாத்தான் சாதிப் பேரு. அப்ப இந்தம்மாவ சாதிப் பேரச் சொல்லித் திட்டுனது…"

"யாருங்க?" என்றேன்.

"நீதான் ஆயா."

எஸ்.ஐ. ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாத. நீயும் அதே சாதிங்கறதால ஒம் மேல அந்த கேஸ் நிக்காது."

ஆ-வுக்கு இடமில்லை

ஜீப்பைப் பார்த்ததும் கோதண்டம் வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி. பின்னாலேயே மகன் தினேஷ். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். முப்பது வயதிருக்கும்.

"சார், இதுல தப்பா இன்னா இருக்குது?" என்றார் கோதண்டம். "பரைன்னா பராசக்தி. சாமி பேரு. யாரோ பக்தருங்க எழுதிட்டுப் போயிருக்காங்க. இந்தம்மாதான் அதுல கைய வெச்சிக் கெடுத்துடுச்சு."

"அப்ப அந்த 'ச்சி'?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"பரை ஆச்சின்னு எழுத வந்திருப்பாங்க. எடம் பத்தல."

சுவர் இருபது அடி நீளம். அதில் ஆ-வுக்கு மட்டும் இடமில்லையாம்.

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பக்தி விஷயம்னு சொல்றாங்க. ரெண்டு நாள் பார்ப்போம் ஆயா" என்று ஜீப்பில் ஏறினார்.

சொன்ன பொய்க்கு மரியாதை செய்ய வேண்டுமே. அன்று சாயங்காலம் கோதண்டத்தின் மனைவி விஜயா தாம்பாளத்தோடு வந்தாள். சுவருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எழுத்துக்கு மேலே மல்லிகைச் சரம் ஒட்டி, கற்பூரம் காட்டினாள். பின்னால் கோதண்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, பரைச்சி…" என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, "பரை ஆச்சி, காப்பாத்து" என்று முடித்தார்.

நான் மாடியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். என் வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்த குடும்பம் அது.

பௌர்ணமி வந்தது. இப்போதெல்லாம் கிரிவலத்துக்கு ஆந்திரா பக்கத்து ஜனங்கள்தான் ஜாஸ்தி. தமிழ் படிக்கத் தெரியாது. சிவப்பெழுத்து, குங்குமம், விளக்கு, பூ. வேறென்ன வேண்டும்? மதியத்திலிருந்தே தேங்காய் உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "அம்மா, ஈ அம்மவாரு பேரேமி?" என்று கேட்டாள்.

சாமி பேர் கேட்கிறாள். கொஞ்சம் யோசித்து, "பச்சையம்மா" என்றேன்.

"பச்சையம்ம தல்லி!" என்று சுவரில் நெற்றியை வைத்துக் கும்பிட்டாள். பொய் சொல்லவில்லை. யாரைத் திட்டினார்களோ அவள் பேரைத்தானே சொன்னேன்.

சுற்றி வந்து கும்பிட வேண்டும் என்று சிலருக்கு ஆசை. சுவரைச் சுற்ற வழியில்லை, வீட்டைச் சுற்றினார்கள். கேட் வழியாக வந்து, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, அந்தப் பக்கம் வெளியே. மேல் அறையில் தங்கியிருந்தவர் கீழே குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார்; கூட்டத்தோடு கூட்டமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் படியேற முடிந்தது.

கோதண்டம் மாட்டிக்கொண்டார். விளக்கை நிறுத்தினால் சாமி இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு நாள் விஜயாவைக் காணவில்லை. நான் மாடியிலிருந்து கூப்பிட்டேன். "இன்னாங்க, இன்னிக்கு அம்மாவுக்கு வெளக்கு இல்லியா? எஸ்.ஐ. வந்தா கேப்பாரே!"

"வாய மூடுடி" என்றார் கோதண்டம். சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு அவரே வந்தார்.

தகாத வார்த்தை

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தினமும் வாசல் தெளிக்கும்போது குங்குமத்துக்கு அடியில் அந்த எழுத்து இருக்கும்.

மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். "வெள்ளையடிச்சிட்டு விடும்மா. ஒனக்கு இன்னாதான் வேணும்?"

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என்னை என்ன சொன்னார்கள் என்பது, சொன்னபடியே, ஒரு சர்க்கார் காகிதத்தில் ஏற வேண்டும். மாட்டுக் கொட்டகையில் சொன்னது காற்றோடு போயிற்று. அதற்குச் சாட்சி லட்சுமி மட்டும்தான், அதுவும் செத்துப்போயிற்று. இது ஒன்றாவது எழுத்தில் நிற்கட்டும்.

திங்கட்கிழமை மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மனு எழுதுகிறவர், நான் சொல்லச் சொல்ல எழுதி வாசித்துக் காட்டினார். "தகாத வார்த்தையால் திட்டி எழுதியுள்ளனர்" என்று வந்தது.

"வார்த்தைய போடலியா?"

"அசிங்கமா இருக்கும்மா."

"எனக்குத்தானே அசிங்கம்? போடுப்பா."

அவர் போடவில்லை. தகாத வார்த்தை என்றால் யாரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் மனு கீழே இறங்கி வந்து, எஸ்.ஐ. எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்.

நான் தினேஷ் பேரைச் சொன்னேன். "எப்படிச் சொல்றே?" என்றார் எஸ்.ஐ.

"அவன் அடிக்கிற பேனரப் பாருங்க. பிரந்தநாள் வாழ்த்து, சிரப்பு விருந்தினர். எல்லாத்துக்கும் சின்ன ர. அவன் கைக்கு ற வராது."

எஸ்.ஐ. ஒரு தாளை நீட்டினார். "பிறந்தநாள்னு எழுதுப்பா." தினேஷ் எழுதினான். பிரந்தநாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சார், எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்று கோதண்டம் தாளை வாங்கி எழுதினார். பிரந்தநாள். ரைட்டர், "இதுல இன்னா தப்பு?" என்று எட்டிப் பார்த்து, தானும் எழுதினார். பிரந்தநாள். எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"இத வெச்சிப் பாத்தா ஸ்டேஷனையே உள்ள வைக்கணும் ஆயா" என்றார்.

என்னையும் எழுதச் சொன்னார்கள். பிறந்தநாள் என்று எழுதினேன். ற காலை நீட்டி நின்றது.

ரைட்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், சுவத்துல ற இருக்குது. இங்க ற எழுதத் தெரிஞ்சது ஆயா ஒருத்திதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாசித்துக் காட்டுங்கள்

"அப்ப ஒரு தாள் குடுங்க" என்றேன். "எழுதத் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே? புகார நானே எழுதறேன்."

முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, கோதண்டம் மட்டும் இரண்டு தடவை மணி பார்த்தார். முடித்ததும் தாளை எஸ்.ஐ. பக்கம் தள்ளினேன்.

"வாசிச்சுக் காட்டுங்கய்யா. சரியா எழுதியிருக்கேனான்னு பாக்கணும்."

எஸ்.ஐ. வாசித்தார். "என் பெயர் பச்சையம்மாள். என் வீடு என் பெயரில் இருக்கிறது. எதிர் வீட்டு தினேஷ் பேரில் எனக்குச் சந்தேகம். போன பௌர்ணமிக்கு முந்தின வாரம் விடிவதற்கு முன் என் தண்ணீர்ப் பானையை வேண்டுமென்றே உடைத்து…"

"வேணும்னு ஒடைக்கல சார்!" என்று தினேஷ் எழுந்துவிட்டான். "இருட்டுல கால்ல பட்டுடுச்சு."

கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டார். ரைட்டர் மெதுவாக, "அப்ப கொரங்கு இல்ல" என்றார்.

எஸ்.ஐ. தினேஷை ஒரு பார்வை பார்த்து உட்கார வைத்தார். மறுபடி தாளை எடுத்தார். "என் சுவரில்…" என்று வாசித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

அடுத்த வார்த்தை அதுதான். இத்தனை நாளாக ர-வா ற-வா என்று எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த வார்த்தை. என் முகத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"படிங்கய்யா" என்றேன். "வாயால சொல்றப்ப பிழையே வராது. காதுக்கு ரெண்டும் ஒன்னுதான்."

குரலை இறக்கி வாசித்தார். அந்த வார்த்தையை அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லச் சங்கடப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டு. அதற்குப் பின்னும் இரண்டு வரி இருந்தது. "பிழையாக எழுதியதை நான் திருத்தினேன். அவர்கள் நினைத்தது பிழையில்லாமல்தான் எனக்கு வந்து சேர்ந்தது."

தாளை மேஜையில் வைத்து, ஓரத்தைக் கையால் நீவினார். "வன்கொடுமைச் சட்டத்துல போடுய்யா" என்றார் ரைட்டரிடம். ரைட்டர் எழுத ஆரம்பித்தார். அந்த வார்த்தை வரும் இடத்தில் பேனாவை நிறுத்தி, என் தாளைப் பார்த்துப் பார்த்து, ற-வுக்குக் காலை இழுத்தார்.

எதிரில்

டி.எஸ்.பி. வந்து சுவரை அளந்தார், படம் எடுத்தார். பெயிண்ட்டைச் சுரண்டிப் பொட்டலம் கட்டினார்கள், சிவப்பைத் தனியாக, நீலத்தைத் தனியாக. அன்று சாயங்காலத்தோடு விளக்கு நின்றது. வெள்ளையடிக்கலாம் என்று போலீசில் சொன்ன பிறகு வெள்ளையடித்தேன். 'வாடகைக்கு அறை உண்டு' மட்டும் இருக்கிறது. புதுப் பானை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த பௌர்ணமிக்கு வந்த அந்த ஆந்திரா அம்மா வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்து, பானைக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

கேஸ் இன்னும் நடக்கிறது. போன மாதம் தபால்காரர் புதுசாக ஒருவர் வந்தார். கோர்ட்டுக் கடிதம் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். உறையை எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

கோ. தினேஷ். பச்சையம்மாள் இல்லம் எதிரில்.

'எதிரில்' என்பதற்குச் சின்ன ர. சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"எனக்கு இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்தேன். "எதிர் வீடு."